மூலிகை என்று எழுதியது நான்

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே வெயில். பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால் செருப்புக்குள் சுட்டது.

சமூக அறிவியல் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா இந்த நோட்டைத் தொடமாட்டாள். தூங்கிவிட்டாள். முன்னறையில் தையல் மெஷின் மேல் இருக்கும் சின்ன பல்பு மட்டும்.

இன்று பாஸ்கா நாடக ஒத்திகை. உயிர்ப்புக் காட்சி. கல்லறைக் கல்லைத் தள்ளிவிட்டு அதன்மேல் உட்காரும் சம்மனசு (தேவதூதன்) என் தோழி பிரின்சிதான். மூங்கிலில் சாக்கு கட்டிச் சாம்பல் நிறம் அடித்த கல். அவள் தள்ளும்போது மூச்சு வாங்கியது. காற்றுப்போல இருக்கும் கல் அது.

நாடகம் பழக்கும் உபதேசியார் சிலுவையில் ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாருங்கடி இவளை. கிறிஸ்மஸ்ல கரிச்சட்டியாட்டம் இருந்த புள்ள. இப்ப கன்னமெல்லாம் பூசுனாப்ல சம்மனசு கணக்கா ஆயிருச்சு. என்னத்தம்மா திங்கிற?"

"ரேஷன் அரிசிதான் வாத்தியாரே."

எல்லோரும் சிரித்தோம். நானும். பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது சதை இல்லை. கண்ணுக்குக் கீழே தண்ணீர் கட்டியதுபோல. கணுக்காலில் அவளே விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். குழி விழுந்தது. மூடவே நேரம் ஆனது. செருப்பு வார் இருந்த இடத்தில் பள்ளம்.

"காலைல கண்ணே தொறக்க மாட்டேங்குதுடி. சாயந்தரம் சரியாயிருது."

"அத்தைகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். ஒருசந்தி விரதம் இருக்கேல்ல, அதான்னு சொல்லுச்சு."

தவக்காலம் தொடங்கியதிலிருந்து பிரின்சி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஊரில் எல்லோரும் பக்தி என்கிறார்கள். பசியே இல்லை என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

எழுதிவிடுகிறேன். அம்மா முன்னறையில் துணி தைப்பாள், புருவம் எடுத்துவிடுவாள், கூடவே க்ரீம் விற்பாள். திருச்சியிலிருந்து சேவியர் மாமா (சொந்தமில்லை, சும்மா மாமா) பெரிய வெள்ளை வாளியில் கொண்டுவருவார். வாளிமேல் பெயர் கிடையாது. அதைச் சின்ன டப்பாக்களில் அடைப்பது அம்மாவும் நானும். கொஞ்சம் வெளியூர்க் கடைகளுக்கும் போகும். கரண்டி போகாத மூலையில் விரல் போகும். ஸ்டிக்கரும் மாமா தருவதுதான். ரோஜாப்பூப் படம், கீழே காலி இடம். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது என்று அம்மா என்னையே எழுத வைத்தாள். கறுப்பு ஜெல் பேனா.

மூலிகை சிவப்பழகு க்ரீம்
இரவில் மட்டும் தடவவும்
பேட்ச் எண் 1407

"நம்பர் ஒண்ணு போடணுமாம்டி, எதையாச்சும் போடு" என்றாள் அம்மா. பிரின்சி பிறந்தது ஜூலை பதினாலு. அதையே போட்டேன். ஒவ்வொரு டப்பாவிலும். பிரின்சியிடம் காட்டியபோது குதித்தாள். "அப்ப நான் ஊரூராப் போறேன்னு சொல்லு. கீரனூர் வரைக்குமா?"

ஜனவரியில் வேடம் பிரித்தார்கள். பிரின்சி சம்மனசு கேட்டாள். உபதேசியார், "வெள்ளை அங்கிக்குள்ள நீ நின்னா சனத்துக்கு அங்கி மட்டுந்தாம்மா தெரியும்" என்றார். எருசலேம் பெண்கள் கூட்டத்தில் பின்வரிசை கொடுத்தார். சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு டப்பா எடுத்துப்போய்க் கொடுத்தேன். மாசி பிறப்பதற்குள் நிறம் மாறிவிட்டது. வேடமும் மாறிவிட்டது. இதுவரை நாலு டப்பா. அம்மா அடிப்பாளே என்று, யாரிடமும் சொல்லமாட்டேன் எனப் பிரின்சியிடம் மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இன்று மாலை நாற்பது டப்பா அடைத்தோம். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன். கண் தெரியவில்லையாம். வயது முப்பத்தாறுதான்.


மார்ச் 11, செவ்வாய்

மழை. இந்த மாதத்தில் மழையா என்று எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

பிரின்சி பள்ளிக்கூடம் வரவில்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது: காலையில் இரண்டு கண்ணும் திறக்கவே இல்லை, முகம் பந்துபோல. பிரின்சியின் அம்மா ஞானம் அத்தை பூச்சிக்கடி என்று வேப்பிலை அரைத்துப் போட்டிருக்கிறார். மதியம் வாந்தி. குளத்தூர் ஆஸ்பத்திரியில் மூத்திரம் பார்த்துவிட்டு உடனே புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"சோப்பு நொரையாட்டம் போகுதாம்டி புள்ளைக்கு."

கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை. கணிதத் தேர்வு எப்போது என்றே மறந்துவிட்டது.

க்ரீமாக இருக்காது. எவ்வளவு பேர் போடுகிறார்கள். இருக்காது.


மார்ச் 13, வியாழன்

இருக்கலாம்.

மாலை அம்மா சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சேவியர் மாமா.

"அக்கா, கீரனூர்ல ஒரு ஃபேன்சி கடையில வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. புதுக்கோட்டையிலருந்து டிரக்ஸ் இன்ஸ்பெக்டரு. பொம்பள. ஒங்ககிட்ட இருக்கறத அங்கிட்டு இங்கிட்டு மாத்தி வையுங்க. என் நம்பரை அழிச்சிருங்க."

"எதுக்கு அள்ளுறாங்க? மூலிகைதான?"

"அதெல்லாம் பேருக்குத்தான்க்கா. பாதரசம்ங்குறாங்க. மொகத்துல போடுறதுல அது இருக்கவே கூடாதுன்னு கவர்மெண்டு சட்டமாம். இல்லாம வெள்ளையாகுமா சொல்லுங்க?"

அம்மா மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. ஸ்விட்ச் ஆஃப்.

"பாதரசம்னா என்னடி?"

"தெர்மாமீட்டருக்குள்ள இருக்குமே, வெள்ளியாட்டம்."

"அதை வாயிலயே வைக்கிறாங்க. மூஞ்சில போட்டா என்னா வந்துச்சு?"

போன வருடம் லேபில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தபோது சயின்ஸ் மிஸ் எங்களைக் கத்தி வெளியே விரட்டியது நினைவில் இருந்தது. ஓடி விளையாடும் குட்டிக் குட்டி உருண்டைகள். அழகாக இருந்தன.


மார்ச் 14, வெள்ளி

இடைவேளையில் சயின்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். பாதரசம் தோல் வழியாக உள்ளே போகுமா?

"போகும். எதுல கலந்திருக்குங்கறதப் பொறுத்து. உள்ள போனா லேசுல வெளிய வராது. கிட்னியில போய் உக்காரும். நரம்புக்கும் ஆகாது. ஏன் கேக்குற?"

"சும்மா மிஸ்."

"சும்மாவா? நீ சும்மா எதையும் கேக்குற ஆளில்லையே அமலி."

மணி அடித்துவிட்டது.

மாலை சிலுவைப் பாதை. எல்லோரும் ஏழாம் தலத்தில் முழங்காலில் இருந்தபோது அம்மா என் தோளைத் தொட்டாள். பின்பக்கமாக வெளியே வந்தோம். பாஸ்கா உடைகள் தைப்பது அம்மாதான். கோயில் கொட்டகையில் இருக்கும் உடுப்புப் பெட்டியின் சாவி அம்மாவிடம் இருக்கும். பெரிய தகரப் பெட்டி. உரோமைச் சேவகர் அங்கி, முள்முடி, சம்மனசு இறக்கை. அதற்கடியில் இரண்டு பைகளில் டப்பாக்களை வைத்தோம். மேலே வெள்ளைச் சட்டையை மடித்துப் போட்டாள்.

"யேசு பெட்டியை எந்த இன்ஸ்பெக்டரு தொறப்பா?"

கொட்டகைக்குள் பாட்டு கேட்டது. எங்கள் பாவங்களை மன்னியும். அம்மாவின் கை பூட்டில் சாவியை நுழைக்கத் தடுமாறியது. பயம் என்று நினைத்தேன்.


மார்ச் 15, சனி

பெரிய ஆஸ்பத்திரி. அம்மாவும் நானும் ஹார்லிக்ஸ், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனோம். ஞானம் அத்தை வார்டு வாசலிலேயே அழுதது. அம்மா அத்தையை அணைத்துக்கொண்டு, "கண்ணு பட்டுருச்சு அண்ணி, அம்புட்டும் கண்ணு" என்றாள். அம்மாவுக்குப் பிரின்சி போடுவது தெரியாது. தெரிந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். சொல்லியிருக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

கிட்னி வழியாகப் புரதம் போகிறது. ஏன் என்று தெரியவில்லை. நாட்டு மருந்து, லேகியம், மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா என்று டாக்டரம்மா மூன்று தடவை கேட்டாராம். இல்லை என்றாளாம். பொய் இல்லை. அவள் எதையும் சாப்பிடவில்லையே.

அவர்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனதும் பிரின்சி என் கையைப் பிடித்தாள். விரல்கள் வாழைப்பூ மாதிரி வீங்கி.

"ஏய், இன்னொரு டப்பா வேணும்டி."

தலையணை உறைக்குள் கை விட்டு எடுத்துக் காட்டினாள். ரோஜாப்பூ. என் எழுத்து. அடியில் கொஞ்சம்தான் பாக்கி.

"இங்கயுமா போடுற?"

"லைட் அணைச்சப்பறம். நிறுத்துனா பழைய நெறம் வந்துரும்ல. ஈஸ்டருக்கு இன்னும் அஞ்சு வாரந்தான் இருக்கு. எம் பார்ட்ட ரோஸிக்குக் குடுத்துருவாரு அந்தாளு."

பிடுங்கப் பார்த்தேன். விடவில்லை. ஊசி குத்தியிருந்த கையை இழுத்தேன், அவளுக்கு வலித்தது. விட்டுவிட்டேன்.

"அதுல என்னமோ இருக்குடி. பாதரசம். நல்லதில்ல."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

டப்பாவைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மூலிகைன்னு போட்டிருக்கு. நீதான எழுதுன?"

சத்தமாகச் சொல்லவில்லை. கிண்டலும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் எழுதியதை நம்பியிருக்கிறாள். பேட்ச் எண் அவள் பிறந்தநாள் என்று தெரிந்தும் மூலிகையை மட்டும் நம்பியிருக்கிறாள்.

அத்தை வந்துவிட்டது. டப்பா தலையணைக்குள் போய்விட்டது. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

பஸ்ஸில் அம்மா தூங்கினாள். திருக்கோகர்ணம் தாண்டி நார்த்தாமலை வரை அம்மா கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். தூக்கத்தில் ஆடவில்லை.


மார்ச் 16, ஞாயிறு

பூசை. நற்கருணை வாங்கவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். வயிற்றுவலி என்றேன்.

க்ரீமைப் பற்றிச் சொன்னால் அம்மாவைக் கூட்டிப்போவார்கள். சொல்லாவிட்டால் பிரின்சி தினமும் போடுவாள். இதைத்தான் எல்லாப் பாடத்திலும் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆங்கில இலக்கணத்துக்கு நடுவில்கூட.

அப்பா மலேசியாவில். கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவும் போய்விட்டால் நான் எங்கே.


மார்ச் 18, செவ்வாய்

வந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் ஜீப். உள்ளே ஒரு அம்மா, கண்ணாடி, பருத்திச் சேலை. கூட ஃபைலோடு ஒருவர். போலீஸ் இல்லை. கீரனூர்க் கடையில் கைகாட்டிவிட்டார்களாம். தையல் மெஷினுக்குக் கீழே, பீரோவில், அரிசிப் பானையில்கூடப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் இல்லை.

அம்மா: "நான் தையக்காரிங்க. துணி தைக்கிறேன், புருவம் எடுத்துவிடுறேன். அம்புட்டுத்தான்."

அப்போது இன்ஸ்பெக்டர் அம்மா மெஷின் இழுப்பறையைத் திறந்தார். ஹுக்குகள் போட்டு வைத்திருந்த டப்பா. ரோஜாப்பூ. ஹுக்குகளைக் கையில் கொட்டிக்கொண்டு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இதென்னங்க?"

"அது யாரோ குடுத்த காலி டப்பா."

தன் பையிலிருந்து இன்னொரு டப்பா எடுத்தார். கீரனூரில் எடுத்தது. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் வைத்தார். 1407. 1407. பிரின்சி கீரனூருக்குப் போய்த் திரும்பி வந்திருந்தாள்.

"எந்த ஊர்ல எடுத்தாலும் ஒரே நம்பர். கம்பெனி பேரு இல்ல, அட்ரஸ் இல்ல, லைசென்ஸ் இல்ல. சட்டப்படி இத்தனையும் டப்பா மேல இருக்கணும். எதுக்குத் தெரியுமா? யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா எங்க செஞ்சதுன்னு தேடிப் போறதுக்கு. இந்த நம்பரை வச்சு நான் எங்க தேடுவேன்? யாரு எழுதுனது இது?"

"எனக்குத் தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்தார். என் தோளில் பை. பைக்குள் பத்து நோட்டு, பத்திலும் அதே எழுத்து. கேட்டால் கொடுத்திருப்பேன்.

"என்ன படிக்கிறம்மா?"

"ஒம்பதாவது."

"எம்புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றாள் அம்மா, கேட்காமலே.

காலி டப்பாவை வைத்துச் சோதனைக்கு அனுப்ப முடியாதாம். அடைத்த டப்பாதான் வேண்டுமாம். கூட வந்தவர் ஏதோ எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். அம்மாவின் கையெழுத்து நெளிந்து கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அம்மா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வாசலில் என்னிடம் மட்டும், மெதுவாக: "யாராச்சும் இதைப் போடுறது ஒனக்குத் தெரிஞ்சா நிறுத்தச் சொல்லு. கேஸு, கோர்ட்டெல்லாம் அப்பறம். மொதல்ல நிறுத்தணும்."

தலையை ஆட்டினேன்.


மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பாயசம்.

அம்மாவிடம் கேட்டேன், மிச்சத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று.

"குடுத்தா? 'வாங்கம்மா'ன்னு மாலை போடுவாங்களா? உள்ள வைப்பாங்கடி. நீ யாருகிட்ட நிப்ப?"

"யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

"யாருக்கு என்னா ஆச்சு? போட்டவளுகதான மறுபடி வந்து வாங்குறாளுக. நான் போடல? நல்லாத்தான இருக்கேன்."

பாத்திரம் கழுவும்போது அம்மா கையிலிருந்து டம்ளர் இரண்டு தடவை நழுவியது.

நாளை சொல்வேன். பிரின்சியும் போட்டாள் என்று அம்மாவிடம் நாளை சொல்வேன்.


மார்ச் 20, வியாழன்

சொல்லவில்லை.


மார்ச் 21, வெள்ளி

எங்களைத் தவிர யாருக்கும் தோன்றாத இடம் என்று நினைத்தோம். அதுதான் தப்பு.

சிலுவைப் பாதை முடிந்ததும் உபதேசியார் சம்மனசு வேடத்தை ரோஸிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். அங்கி அளவு பார்க்க வேண்டும். அம்மா வர நேரமாகும் என்று ஃபாதரிடம் இருந்த இன்னொரு சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்துவிட்டார். இன்னொரு சாவி இருப்பது எங்களுக்குத் தெரியாது.

நான் பீடத்தில் மெழுகுவர்த்தித் தண்டு துடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து கூச்சல். ஓடினேன். பை பிரிந்து கிடந்தது. பாஸ்காவில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் பெட்டியைச் சுற்றி.

"ஏய், சிவப்பழகு க்ரீமுடி!"

"மேக்கப்புக்கு வாங்கி வச்சிருக்காருடி வாத்தியாரு. சொல்லவே இல்ல பாரு."

"எனக்கொண்ணு, எனக்கொண்ணு!"

ரோஸி அங்கேயே திறந்து மூக்கில் தேய்த்துக்கொண்டாள். "இப்பத் தெரியுமா வாத்தியாரே, அங்கிக்குள்ள?" உபதேசியாரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கு அது என்னவென்றே தெரியாது.

"போடாதீங்க!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த வார்த்தை வரவேண்டும். வந்தது: "அது... எக்ஸ்பயரி ஆனது."

"எங்கடி போட்டிருக்கு எக்ஸ்பயரி? தேதியே காணோம்."

தேதி எழுத அம்மா சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

அம்மா வந்தாள். முகம் செத்துவிட்டது. ஒரு நொடிதான். பிறகு கடைக்காரக் குரலில், "அது பழைய சரக்கு, குடுங்கடி குடுங்கடி" என்று வாங்கி வாங்கிப் பையில் போட்டாள். வீட்டில் எண்ணிப் பார்த்தோம். ஐந்து குறைந்தது. யார் என்று யோசித்து எழுதினேன்:

ரோஸி
எஸ்தர்
சகாயமேரி
சகாயமேரியின் தங்கை (ஆறாவதுதான்)
கார்மேலு அக்கா — கல்யாணம் ஆகி ஆறு மாதம், முழுகாமல் இருக்கிறார்

கடைசிப் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன்.

அம்மா எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். "ஞாயித்துக்கெழம பொழுது சாயவும் கொளத்துல எறக்கிட்டு வந்துருவோம். அதோட முடிஞ்சிரும்."

நான் தலையை ஆட்டினேன். எல்லோரிடமும் தலையை ஆட்டுகிறேன்.

அம்மா முகம் கழுவப் போனபோது சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன்.


மார்ச் 22, சனி

ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய். யூனிஃபார்மில் போனேன். குளத்தூரில் பஸ் மாறி. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். இருந்தும் கண்டக்டர் என்னைத்தான் பார்ப்பதுபோல. ஜியாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

வார்டில் டாக்டரம்மா ரவுண்ட்ஸில் இருந்தார். பிரின்சி கட்டிலுக்கு அருகேதான். வேறு இடத்தில் சொல்ல நினைத்திருந்தேன். முடியவில்லை. டப்பாவை நீட்டினேன்.

"இதைத்தான் போடுறா மேடம். ஜனவரிலருந்து. இப்பவும். தலகாணிக்குள்ள இருக்கு."

டாக்டரம்மா தலையணையைத் தூக்கினார். காலி டப்பா. விரலால் வழித்துத் துடைத்த டப்பா. முடிந்துபோன பிறகும் வைத்திருந்திருக்கிறாள்.

ஞானம் அத்தை என்னைப் பார்த்தது. பிரின்சி பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"மாதா மேல சத்தியம் வாங்குன. நான் இவ்வளவு நாளும் காப்பாத்துனேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரியாகிவிடுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "காரணம் தெரிஞ்சது பெரிய விஷயம். நிறுத்திட்டா நெறைய பேருக்குச் சரியாகியிருக்கு. இவளுக்கு எத்தனை மாசம் ஆகும், முழுசா ஆகுமான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. போன வாரமே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்." போன சனிக்கிழமை நான் இதே இடத்தில் ஆரஞ்சு உரித்தேன்.

அவர் போன் செய்தார். அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். லீவு நாள், சுடிதார், தலை ஈரம். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாளி, சேவியர் மாமா, ஸ்டிக்கர், பேனா, உடுப்புப் பெட்டி, சாக்கு, எல்லாம் சொன்னேன். நம்பர் யாருடையது என்றும் சொன்னேன். அதற்குமட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஐந்து பேர் பட்டியலைக் கொடுத்தேன். கடைசிப் பெயரைப் படித்ததும் எழுந்துவிட்டார்.

"இது திங்கக்கெழம வரைக்கும் தாங்காது. ஒங்க ஃபாதருக்கு நான் பேசுறேன். நாளைக்குப் பூசையிலயே சொல்லச் சொல்றேன். நீ குடுத்த டப்பா டாக்டருக்கு ஒதவும், என் கேஸுக்கு ஒதவாது. சட்டப்படி நாங்க நேர்ல வந்து எடுத்து, ஒங்கம்மா முன்னாடி பங்கு பிரிச்சு, சீல் வச்சு, ஒரு பங்கை ஒங்கம்மா கையிலயே குடுக்கணும். அப்பத்தான் அந்த வாளிக்காரனைப் புடிக்க முடியும். திங்கக்கெழம வாரோம். அந்தச் சாக்கு கொளத்துக்குப் போகக் கூடாது. போச்சுன்னா மீனுக்குள்ள போயி, ஊருக்குள்ள திரும்பி வரும்."

"அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருவீங்களா?"

"கேஸ் உண்டு. பொய் சொல்லமாட்டேன். யாருகிட்ட வாங்குனாங்க, தெரிஞ்சு வித்தாங்களா, எல்லாத்தையும் கோர்ட்டு பாக்கும். ஒங்கம்மா கையையும் டாக்டர்கிட்டக் காட்டணும். இன்னைக்கே நீயே சொல்லிரு. பூசையில கேட்டுத் தெரிஞ்சுக்கிற மாதிரி விட்டுறாத."

வீட்டுக்கு வந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிச் சம்மனசு அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். ரோஸி அளவுக்கு. மெஷின் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. "வந்துட்டியா பாப்பா, சாப்புடு" என்றாள். சாப்பிட்டேன்.

அவ்வளவுதான். இப்போது தூங்குகிறாள்.


மார்ச் 23, ஞாயிறு

பூசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டேன்.

கடைசி ஆசீருக்கு முன் ஃபாதர் மைக்கைப் பிடித்தார். ரோஜாப்பூப் படம் போட்ட டப்பா, முகத்தில் போடுவது, அதில் விஷம் இருக்கிறது, இப்போதே கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும், வைத்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது. பிரின்சி பெயரையும் சொன்னார். அவளுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே.

அம்மா எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால். திரும்பவில்லை. முக்காட்டின் ஓரம் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

ஐந்து என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு எத்தனை பேர் வந்தார்கள். உபதேசியாரின் மனைவி முந்தானைக்குள் மறைத்து இரண்டு கொண்டுவந்து வைத்தார். உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்மேலு அக்கா எழுந்து வரவில்லை, அவர் மாமியார்தான் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் என் எழுத்து. யாரும் அம்மாவிடம் பேசவில்லை. வழி மட்டும் விட்டார்கள்.

வீட்டில் அம்மா அங்கியை மறுபடி எடுத்து மடியில் வைத்தாள். கழுத்துப் பட்டி மட்டும் பாக்கி. ஊசியை எடுத்தாள். நூல் போகவில்லை. மறுபடி. மறுபடி.

"நீதானா?"

"ஆமா."

"பிரின்சிக்கு நீயா குடுத்த?"

"ஆமா. ஒனக்குத் தெரியாம."

அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. ஊசியை நீட்டினாள்.

"கோத்துக் குடு."

வாங்கினேன். நூலை எச்சில் தொட்டுக் கூராக்கினேன். ஊசியின் காது அங்குமிங்கும் போனது. நான்தான் பிடித்திருந்தேன். அம்மா என் விரல்களைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். மறுபடி என்னுடையதை.

ஊசியை வாங்கி அங்கியில் குத்தி வைத்துவிட்டாள். உள்ளே போய்ச் சாக்கை இழுத்து வந்து முன்னறை நடுவில், கதவைத் திறந்தால் முதலில் தெரியும் இடத்தில் போட்டாள். அதன்பின் என் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போய் அடிபம்பில் கழுவினாள். சோப்பு, சாம்பல், மறுபடி சோப்பு. தோல் எரிந்தது. போதும்மா என்றேன். பிறகு தன் கையை வைத்தாள்.

என்னைப் படுக்கச் சொல்லி வெகுநேரம் ஆயிற்று. பம்பு சத்தம் இன்னும் நிற்கவில்லை.